நின்ற இடத்தில் குறையும் சார்ஜ்

மெற்றில்டாவின் கரண்டு கார் காலையில் ஆஸ்பத்திரிப் புங்கமரத்தடியில் வந்து நிற்கும்போது எழுபத்தொரு சதவீதம் இருந்தது, சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறக்கும்போது அறுபத்து மூன்று இருந்தது, இடையில் அது ஒரு சாண்கூட நகரவில்லை, விளக்கு எரியவில்லை, ஏசி ஓடவில்லை, ஆனாலும் எட்டு சதவீதம் எங்கேயோ போயிருந்தது. இப்படி ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மாசி மாதம் பூராவும் போய், பங்குனி பிறந்தும் போய்க்கொண்டே இருந்தது.

மெற்றில்டாவுக்கு நாற்பத்தாறு வயது. அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் டெக்னீஷியன். ஆறு மெஷின்கள், காலையில் ஒரு முறை ஆறு பேர், மதியம் ஒரு முறை ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் நாலு மணி நேரம் என்று, மனிதர்களின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய் மெஷினுக்குள் கழுவிக்கொண்டு இன்னொரு குழாயில் வீடு திரும்புவதைப் பதினான்கு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள். அவள் வீடு கடற்கரையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஐம்பத்து நாலு கிலோமீட்டர், வழியெல்லாம் உப்பளமும் உடைமரமும், நடுவில் சார்ஜ் போட ஒரு இடம் கிடையாது.

காரை வாங்கிக் கொடுத்தது கணவன் கஸ்பார். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பான். இரண்டு பஸ் மாறிப் போய் அவள் முழங்கால் தேய்ந்ததைப் பார்த்து, போன விடுமுறையில் காரை வாங்கி வாசலில் நிறுத்தினான். கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் இன்னொரு காரியமும் செய்தான். வண்டியைச் செய்த கம்பெனியும் இல்லாமல், விற்ற கம்பெனியும் இல்லாமல், மூன்றாவதாக ஒரு கம்பெனி எங்கேயோ ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, நம் சார்பாக நம் வண்டியைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறாய், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, சூடாக இருக்கிறாயா, கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசாரித்து, அது சொன்ன பதிலையெல்லாம் கோடு கோடாக வரைந்து காட்டும். அந்தக் கம்பெனியில் காரைச் சேர்த்துவிட்டான். நடுக்கடலில் சிக்னல் கிடைக்கிற நேரத்தில் அதைத் திறந்து பார்ப்பான். வண்டி ஆஸ்பத்திரியில் நிற்கிறது. வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. பிரியத்தை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவன். அவள் வீடு சேர்ந்த பிறகு ஏதோ ஒரு சமயம் போனில் ‘சரி’ என்று ஒற்றைச் சொல் வந்து விழும், அதை வைத்து அவள் தெரிந்துகொள்வாள்.

சார்ஜ் குறைகிறதே என்று திருநெல்வேலிக்குக் காரைக் கொண்டுபோனாள். சர்வீஸ் சென்டரில் தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் கம்பியை மாட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரியில் ஒரு குறையும் இல்லை என்றார். நிறுத்திவைத்த வண்டி தூங்க வேண்டும், உங்கள் வண்டியை யாரோ தூங்கவிடாமல் தட்டித் தட்டி எழுப்புகிறார்கள், வேறொரு கம்பெனிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களே, அதை எடுத்துவிட்டால் வண்டி நிம்மதியாகத் தூங்கும், சார்ஜும் நிற்கும் என்று விளக்கினார். அவர் சொன்னது மெற்றில்டாவுக்குப் புரிந்தது. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும்போதும் அதே கம்பெனி அதே மாதிரிதானே கூப்பிடுகிறது, அங்கே ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லையே, கோயில் வாசலில் மூன்று மணி நேரம் நின்றாலும் குறைவதில்லையே, ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் என்று கேட்டாள். மெக்கானிக் வண்டியைத் துடைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த நாள் வேலைக்கு நடுவே அவள் தன் போனில் அந்தக் கம்பெனி வரைந்த கோட்டைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் கசிகிற மாதிரி அது சரிந்து போயிருக்கவில்லை. படிக்கட்டு மாதிரி இருந்தது. பதினொன்று ஐம்பதுக்கு ஒரு படி, பன்னிரண்டே காலுக்கு ஒரு படி, பிறகு வெகுநேரம் சமதளம், நாலரைக்கு மறுபடி ஒரு படி. அந்த நேரங்களை அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள். மெஷினிலிருந்து ஆட்களைக் கழற்றி வெளியே அனுப்பும் நேரம் அது.

ஜன்னலோரம் போய் நின்றாள். முதல் ஆளாக வெளியே போனவர் சுடலைமணி அண்ணாச்சி. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, கிட்னி கெட்டுப்போய், வேலையை விட்டு நாலு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவர். மெஷினிலிருந்து இறங்கினால் பிழிந்துபோட்ட துணி மாதிரி வராந்தாவில் சுருண்டு கிடப்பார், நாலு மணி பஸ்ஸுக்குத்தான் எழுந்திருப்பார். இப்போது சில வாரமாக அவர் வராந்தாவில் கிடப்பதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி மெல்ல மெல்லப் புங்கமரத்தடிக்கு வந்தார், காரின் முன்கதவில் இடுப்பைச் சாய்த்துக் கண்ணை மூடினார், ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அப்படியே நின்றார், பிறகு நிமிர்ந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கைவீசி நடந்து போனார். அவள் கையிலிருந்த போனில் அறுபத்தொன்பது அறுபத்தேழு ஆகியிருந்தது.

மெற்றில்டா திடுக்கிடவில்லை. ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போய் வருவதை நாள்தோறும் பார்க்கிறவளுக்கு, கரண்டு ஒரு காரைவிட்டு வெளியே போய் ஒரு மனிதருக்குள் ஏறியது அப்படியொன்றும் நம்பமுடியாத காரியமாகப் படவில்லை. காரணம் தெரிந்ததில் நிம்மதிதான் வந்தது. ஆனாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று, மதியம் செய்தூன் பீவியை மெஷினிலிருந்து கழற்றி, கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய், காரில் சாய்ந்து நில்லுங்கள் என்றாள். பீவிக்கு அறுபத்திரண்டு வயது, எலும்பும் தோலுமாக இருப்பார். சாய்ந்து நின்றவர் கொஞ்ச நேரத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நோன்பு திறக்கும்போது முதல் மடக்குக் கஞ்சி உள்ளே இறங்குமே, அந்த மாதிரி இருக்கிறது தாயி என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் வார்டுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் புங்கமரத்தடியில் ஒரு ஒழுங்கு வந்திருந்தது. ஒழுங்கைக் கொண்டுவந்தவர், தன் முறை இல்லாத நாளிலும் வந்து நின்ற சுடலைமணி அண்ணாச்சி. முப்பது வருஷம் நிரம்பி வழிகிற பஸ்ஸில் ஆட்களை ஏற்றி இறக்கியவருக்கு இதெல்லாம் சொல்லியா கொடுக்க வேண்டும். சாய்கிறவர் எழுந்த பிறகுதான் அடுத்தவர் சாய வேண்டும், ஒரு ஆளுக்கு இரண்டு சதவீதம், அன்றைக்கு ரொம்பவும் வாடிப்போனவருக்கு மூன்று, கண்ணாடியைப் பிடித்துத் தொங்கக் கூடாது, சண்டை போடுகிறவர் கடைசி. ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் வண்டி போடுவதைத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். பெருக்குகிற அம்மா மரத்தடியைத் தினமும் இரண்டு தடவை பெருக்கினாள். யாரோ கண்ணாடியில் ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றினார்கள், யாரோ பச்சை நூல் கட்டினார்கள், யாரோ ஒரு சின்ன மாதா படத்தை உள்ளே தெரிகிற மாதிரி வைத்தார்கள். மெற்றில்டா ஒன்றுக்கும் மறுப்பு சொல்லவில்லை; சார்ஜ் போடுகிற துவாரத்தில் மட்டும் குங்குமம் வைக்காதீர்கள், ஷார்ட் ஆகிவிடும் என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து குங்குமம் ஒரு விரல் தள்ளி வைக்கப்பட்டது.

பெரிய டாக்டர் ஒரு தடவை வந்து நின்று பார்த்தார். பிரஷர் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி, சாய்வதற்கு முன்னாலும் பின்னாலும் அளந்தார், அளந்ததைப் பேசாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் எழுதவில்லை. நோயாளிகளிடம் மட்டும், மெஷின் முடிந்ததும் அப்படியே பஸ்ஸுக்குப் போகாதீர்கள், மரத்தடியில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். ஆபீஸில் இருந்தவர்கள் அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கட்டம் போட்டு ‘அவசர ஊர்தி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல ஆரோக்கியமான ஒருவர், ஒப்பந்தக்காரர், ஊரில் செல்வாக்கு உள்ளவர், முதுகு வலிக்கிறது என்று வந்து ஒரு மணி நேரம் சாய்ந்து நின்றார். கால் சதவீதம்கூடக் குறையவில்லை. அவரும் மனிதர்தான், சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இல்லாதவங்களுக்குத்தான் போல என்று சிரித்துக்கொண்டே போனார்.

இந்த அதிசயத்துக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று ஒருநாள் பேச்சு வந்தது. மெக்கானிக் சொன்னதை மெற்றில்டா எல்லோருக்கும் விளக்கினாள். ஒரு கம்பெனி இந்தக் காரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எப்படி இருக்கிறாய் என்று கேட்டு விழிக்கவைத்துக்கொண்டே இருக்கிறது, விழித்திருப்பதால்தான் உங்கள் களைப்பு அதற்குத் தெரிகிறதோ என்னவோ என்றாள். சுடலைமணி அண்ணாச்சி, முகம் தெரியாத ஒருத்தன் எங்கயோ இருந்துக்கிட்டு நல்லா இருக்கியா நல்லா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருக்கான் பாருங்க, நமக்குச் சொந்தக்காரன்கூட ஒருநாளைக்கு ஒருதரம் கேக்க மாட்டேங்கான் என்றார். செய்தூன் பீவி அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயரைச் சரியாகச் சொல்ல வராததால், அந்தக் கேக்கிறவங்க என்று மட்டும் சொல்லி அவர்களுக்காகத் தினமும் துஆ செய்தார்.

மற்ற வார்டுகளுக்கும் செய்தி போனது. பிரசவமானவர்கள் வந்தார்கள், மஞ்சள் காமாலைக்காரர்கள் வந்தார்கள், துணைக்கு வந்து தூக்கமில்லாமல் கிடந்தவர்களும் வந்தார்கள். எட்டு இருபதானது, இருபது நாற்பதானது. ஒரு வெள்ளிக்கிழமை மெற்றில்டா உப்பளங்களுக்கு நடுவே ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி, மூன்று சதவீதத்தில் வீடு வந்து சேர்ந்தாள். அந்த மூன்றைக் கஸ்பார் வேறொரு சமுத்திரத்திலிருந்து பார்த்துவிட்டான்.

அவன் பயந்துபோனான். மனைவி நடுவழியில் ஆளில்லாத இடத்தில் நின்றுபோயிருந்தால் என்று நினைத்தான். கப்பலில் கிடைத்த கொஞ்ச சிக்னலில் இதைப்பற்றி மற்றவர்கள் எழுதியிருந்ததைத் தேடிப் படித்தான், மெக்கானிக் சொன்னதையே அவர்களும் சொல்லியிருந்தார்கள், வெளியாள் கூப்பிடுவதை நிறுத்தினால் சார்ஜ் நிற்கும் என்று. மெற்றில்டாவைக் கேட்காமல், அவளுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், அந்தக் கம்பெனியிலிருந்து காரை விலக்கிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கிற தன் சந்தோஷத்தை அவளுக்காக விட்டுக்கொடுத்தான்.

திங்கட்கிழமை கார் முதல்முறையாகத் தூங்கியது. சுடலைமணி அண்ணாச்சி சாய்ந்தார். வெக்கையில் நின்ற இரும்பு சுட்டது, வேறொன்றும் இல்லை. கூட்டத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்றார்கள், நின்று பார்த்தார், கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். செய்தூன் பீவியை வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். மெற்றில்டா போனைத் திறந்தாள், கோடு இல்லை. கஸ்பாருக்குச் செய்தி அனுப்பினாள், அது போய்ச் சேராமல் நின்றது. கப்பல் எங்கேயோ சிக்னல் இல்லாத தண்ணீரில் இருந்தது. இரண்டு நாள் வராந்தா முன்போலவே நிரம்பிக் கிடந்தது, யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, இவ்வளவு நாள் கிடைத்ததே என்றுதான் சொன்னார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கஸ்பாரே கூப்பிட்டான். அவள் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். இதுவரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. கடலில் இருக்கிறவனிடம் போனில் சொல்கிற விஷயமா இது, நேரில் வரும்போது மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று வைத்திருந்தாள். கஸ்பார் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்போ நான் உன்னைப் பாக்கணும்னு கேட்டதெல்லாம்…” என்று ஆரம்பித்தான். “இத்தனை பேருக்கா போயிருக்கு?”

“ஆமாங்க. உங்க பேரு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமலே துஆ கேக்காங்க.”

அவன், அந்தக் கம்பெனியில் மறுபடி சேர்த்துவிடுகிறேன் என்றான். ஆனால் மூன்றுக்கு வரவிடாதே, பைபாஸ் ஓட்டலில் புதிதாக ஒரு சார்ஜர் வந்திருப்பதாக மேப் காட்டுகிறது, வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், சாயங்காலம் அங்கே போட்டுக்கொண்டு போ என்று வழி சொன்னான். மறுநாள் காலை கோடு திரும்பி வந்தது. பதினொன்று ஐம்பதுக்கு அதில் ஒரு படி இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் வேல்க்கனி வந்தாள். இருபத்துநாலு வயது. முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, பிள்ளை பிழைத்து, இவள் கிட்னி நின்றுபோனது. மதுரையில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி ஊருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திங்களும் வியாழனும் இங்கே வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழுத்தில் குழாய் செருகியிருந்தது. மூன்று வாரமாக வருகிறாள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. புங்கமரத்தடிக்குப் போ என்றால் போவதில்லை, அவள் அம்மா வேண்டி அழைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கை நீட்டி வாங்கிக்கொள்வதற்குக்கூட ஒரு ஆசை வேண்டும், அது அவளிடம் இல்லை என்பது மெற்றில்டாவுக்குத் தெரிந்தது.

நாலாவது வாரம் திங்கட்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரஷர் விழுந்தது. டாக்டர் வந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார், பிரஷர் எண்கள் ஒருவழியாக நிலைக்கு வந்தன, ஆனால் பெண் எழவில்லை. அவள் அம்மா மெற்றில்டாவைத் தனியாகக் கூப்பிட்டு, வரும் வழியில் பஸ்ஸில் மகள் சொன்னதைச் சொன்னாள். இதுதான் கடைசி, வியாழக்கிழமை என்னைக் கூப்பிடாதே, பிள்ளையை நீ பார்த்துக்கொள் என்று சொன்னாளாம். சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை, அழுகிற தெம்பு அவளுக்கும் தீர்ந்திருந்தது.

மெற்றில்டா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார்.

காரின் பின்கதவைத் திறந்து வேல்க்கனியைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். அப்போது அறுபத்து நாலு இருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் சொல்லாமலே ஒதுங்கி, வராந்தா நிழலுக்குப் போனார்கள். மெற்றில்டா மதிய முறையை வார்டு நர்ஸிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது. ஐம்பத்தைந்து. மற்றவர்களுக்கு இரண்டோ மூன்றோ போனதும் நின்றுவிடும், இவளுக்கு நிற்கவில்லை, கிணற்றில் விட்ட கயிறு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. நாற்பது. முப்பத்தொன்று. பெண்ணின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருபதுக்கு வந்தபோது சுடலைமணி அண்ணாச்சி மெல்ல வந்து குனிந்தார்.

“சிஸ்டர், வண்டி நின்னுபோகும். நீங்க வீட்டுக்குப் போகணும். இந்தப் பிள்ளையை வெளிய தூக்கிரவா?”

மெற்றில்டா பதில் சொல்வதற்குள் போனில் கஸ்பாரின் செய்தி வந்தது. குறைந்துகொண்டே போகிறதே, பார்த்துக்கொண்டிருக்கிறேன், கம்பெனியைக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லவா, நிறுத்தச் சொல்லவா என்று எழுதியிருந்தான். இந்த முறை அவன் அவளைக் கேட்டுவிட்டுத்தான் செய்வான்.

வீடு ஐம்பத்து நாலு கிலோமீட்டரில் இருந்தது. அதைப்பற்றி யோசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, யோசிக்கத்தான் முடியவில்லை. பின்சீட்டில் அந்தப் பெண்ணின் விரல்கள் சீட்டுத் துணியை லேசாகப் பற்றியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவை விரிந்து கிடந்தன. ‘கேட்டுக்கிட்டே இருங்க’ என்று அவனுக்கு அனுப்பினாள். அண்ணாச்சியிடம், இருக்கட்டும், போகிறவரைக்கும் போகட்டும் என்றாள்.

பத்து. ஆறு. இரண்டு. ஒன்று. அந்த ஒன்று வெகுநேரம் ஒன்றாகவே நின்றது. நாலு மணி சுமாருக்கு அதுவும் போய்ச் சைபர் ஆனது.

வேல்க்கனி கண்ணைத் திறந்தாள். காரின் கூரையைப் பார்த்தாள், ஜன்னலில் தெரிந்த புங்க இலையைப் பார்த்தாள், குனிந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். பசிக்கிறது என்றாள். அவள் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, அதுவரை வராத அழுகையை அழுதாள். செய்தூன் பீவி தன் தூக்குவாளியைத் திறந்து, உப்பில்லாத இடியாப்பத்தைப் பிய்த்து ஊட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெண் வாங்கிக்கொண்டாள்.

இனி காரை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இழுத்துப்போக வண்டிக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர், திருநெல்வேலியிலிருந்து வர இருட்டிவிடும் என்றார் இன்னொருவர். பெரிய பேட்டரிதான் காலி, முன்னால் இருக்கிற சின்ன பேட்டரியில் உயிர் இருந்தது, அதனால் வண்டியை நியூட்ரலில் போட முடிந்தது. சுடலைமணி அண்ணாச்சி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பைபாஸ் ஓட்டல் சார்ஜர் ஒரு கிலோமீட்டர்தானே, தள்ளிக்கொண்டு போய்விடலாம், சிஸ்டர் ஸ்டியரிங்கில் உட்காரட்டும் என்றார்.

மெற்றில்டா வேண்டவே வேண்டாம் என்றாள். இவர்கள் படியேறினால் மூச்சு வாங்குகிறவர்கள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது என்று அவளே திட்டி அனுப்புகிறவர்கள். யாரும் கேட்கவில்லை. நாங்க வாங்கினதுல கொஞ்சத்தைத் திருப்பித் தர்றோம், நீங்க பேசாம உக்காருங்க தாயி என்றார் செய்தூன் பீவி. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் மெற்றில்டாவுக்கு வேறு கவலை வந்தது. டயாலிசிஸ்காரர்களுக்கு ஒரு கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருக்கும், ஊசி ஏற்றுவது அந்தக் கையில்தான், அதில் பளு விழுந்தால் குழாய் அடைத்துப்போகும். “ஊசிக்கையை யாரும் வண்டி மேல வைக்கக் கூடாது. மத்தக் கையாலயும் தோளாலயும் மட்டும் தள்ளுங்க. வச்சா நான் இறங்கிருவேன்” என்று ஜன்னல் வழியாக எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், காலை முறையில் வந்து வீட்டுக்குப் போகாமல் நின்றவர்களும் மதிய முறையில் முடித்தவர்களும், ஒரு கையால் காரைத் தள்ளிக்கொண்டு, ஊசிக்கையை மட்டும் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல மார்போடு ஒட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெருக்குகிற அம்மா வந்தாள். ஆட்டோக்காரர்கள் முன்னால் போய்ச் சாலையை மறித்து வழி விட்டார்கள். பஸ் ஒன்று நின்றது, டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். சுடலைமணி அண்ணாச்சி பக்கவாட்டில் நடந்துகொண்டு, ரைட், ரைட், போலாம் ரைட் என்று குரல் கொடுத்தார், அந்தக் குரலுக்குத் தகுந்தபடி எல்லோரும் மூச்சு பிடித்து மூச்சு விட்டார்கள்.

ஸ்டியரிங் கனத்தது. பதினான்கு வருஷத்தில் மெற்றில்டா எத்தனையோ பேரைக் கைத்தாங்கலாக நடத்திப் போயிருக்கிறாள், அவளை யாரும் நடத்திப் போனதில்லை. கால் எதையும் மிதிக்காமல் வண்டி போவதும், முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரின் மூச்சு கேட்பதும் அவளுக்கு என்னவோ செய்தது, சாலை கலங்கித் தெரிந்தது. மடியில் போன் அதிர்ந்தது. கஸ்பார்தான். சார்ஜ் சைபர் காட்டுகிறது, வண்டி நகர்கிறது, எப்படி என்று கேட்டிருந்தான். அவள் ஒரு கையை எடுத்து, தள்ளுகிறார்கள் என்று அனுப்பினாள். யார் என்று அவன் கேட்டான். அவள் பின்கண்ணாடியைப் பார்த்தாள், ஒரு பெயரில் ஆரம்பித்தால் எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும், போனை அப்படியே மடியில் வைத்துவிட்டாள்.

வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் கார் நின்றுபோனது. யாரும் கையை எடுக்கவில்லை. அண்ணாச்சி, எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், அவசரம் இல்லை என்றார். மெற்றில்டா பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கீழே தண்ணீர் மஞ்சள் வெயிலில் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஜன்னலோரம் ஒரு நிழல் விழுந்தது. வேல்க்கனி. கழுத்துக் குழாயில் காற்றுப் படாமல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, அம்மாவின் தோளைக்கூடப் பிடிக்காமல், இவ்வளவு தூரமும் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறாள்.

“சிஸ்டர்” என்றாள். குரல் புதிதாக இருந்தது, மெற்றில்டா அதை அதற்குமுன் கேட்டதே இல்லை. “வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?”

மெற்றில்டா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏழரைக்கு வந்துரு தாயி” என்றாள்.

வேல்க்கனி தலையை ஆட்டினாள். பின்னால் சுடலைமணி அண்ணாச்சி, ம், ரைட் என்றார், மெற்றில்டா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், கார் பாலத்தின் மேலேறியது.